வாசலை விட்டுப் போகும் அலை

ஜெயசீலன் ஒரு கல்லைக் கையில் எடுத்தால் ஒரே ஒரு முறைதான் திருப்பிப் பார்ப்பார். இடது உள்ளங்கையில் கல், வலது கையில் சுத்தி. கல்லுக்குள் வரி எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பெருவிரலால் தடவுவார். பிறகு ஒரு தட்டு. கல் அவர் கேட்ட இடத்தில் பிளந்து, முகம் தட்டையாக வந்து நிற்கும். மற்றவர்கள் தட்டித் தட்டிப் பாதிக் கல்லைப் பொடியாக்கிக்கொண்டிருந்த நாட்களிலேயே அவருக்கு அது கைவந்துவிட்டது.

"நீங்க கல்லுகிட்டக் கேட்டு ஒடைக்கிறீக, நாங்க கேக்காம ஒடைக்கிறோம். அம்புட்டுத்தேண்ணே வித்தியாசம்" என்பான் வீரபாண்டி. தேனிப் பக்கத்துக்காரன். ஜெயசீலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல் பதிப்பவன்.

நான் அந்த சைட்டில் தச்சன். தரையில் எங்கே கறுப்புக் கல் வர வேண்டும், எங்கே வெள்ளை வர வேண்டும் என்று காட்டும் அச்சுப் பலகைகளை பிளைவுட்டில் அறுத்துக் கொடுப்பது என் வேலை. அச்சைத் தரையில் வைப்பார்கள், அதன் ஓரத்தை ஒட்டிக் கறுப்பைப் பதிப்பார்கள், பிறகு அச்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளையை நிரப்புவார்கள். அச்சில் நூலளவு பிசகினால் தரையில் விரலளவு தெரியும். அதனால் நாள் முழுவதும் அவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். ஜெயசீலனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படித் தெரிந்ததுதான்.

இடம், அபுதாபியை ஒட்டிய ஒரு தீவு. புதிய குடியிருப்பு. அதன் நடுவே அகலமான நடைபாதை ஒன்று. ஒரு முனையில் சின்னக் குழந்தைகளுக்கான நர்சரியின் கண்ணாடி வாசல். மறுமுனையில் இரும்புக் கம்பித் தடுப்பு, அதற்கப்பால் கடல். அந்த நடைபாதை முழுவதும் போர்ச்சுகல் நாட்டு முறையில் சின்னச் சின்னக் கல்லாகக் கையால் பதிக்க வேண்டும் என்று கட்டுபவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கல்லும் அங்கிருந்தே கப்பலில் வந்தது. முசஃபாவிலிருந்த எங்கள் கேம்ப்பில் இன்டர்லாக் கல் பதித்துப் பழகியவர்களில் சிலரைப் பொறுக்கி எடுத்தார்கள். கற்றுக்கொடுக்க அமாரோ என்ற லிஸ்பன் நகரத்துக்காரர் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. கொஞ்சம் ஆங்கிலம், கை நிறைய சைகை.

"காசு குடுத்துக் கல்லை வாங்கி, கப்பல்ல ஏத்தி, இங்க கொண்டாந்து ஒடச்சு, திருப்பி மண்ணுக்குள்ள பொதைக்கிறாய்ங்க" என்று வீரபாண்டி மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் சொல்வான். அமாரோவுக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் தலையாட்டிச் சிரிப்பார்.

ஜெயசீலனுக்கு ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். கட்டுமரம் தள்ளி, பிறகு விசைப்படகில் போய் வளர்ந்த உடம்பு. சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. நிவாரணமாக வந்த படகில் தன் பங்கைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வளைகுடாவுக்கு வந்துவிட்டார். அவர் ஊர்க்காரர்கள் பலர் பஹ்ரைனில் கஃபீல் என்னும் அரபு முதலாளியின் படகில் மீன் பிடிக்கிறார்கள். ஏஜென்ட் அவருக்கும் அந்த விசாவைத்தான் காட்டினாராம். "தரையில எந்த வேலை இருந்தாலும் குடுங்க" என்று கேட்டு, ருவைஸில் ஓரக்கல் நடும் வேலைக்கு வந்தார். பிறகு ஓமானில் சலாலா. அங்கே மழைக்காலத்தில் கடல் இரையும் சத்தம் ரூமுக்குள் கேட்கிறது என்று மாற்றல் கேட்டு முசஃபாவுக்கு வந்தார்.

இவ்வளவையும் எனக்குச் சொன்னது வீரபாண்டி. "பொம்பளப்பிள்ளை ஒண்ணு, நாலு வயசு. சுனாமியில போயிருச்சு. ஒடம்பு கெடைக்கலை. அதுக்குப் பொறகு பொறந்த பையன் பாலிடெக்னிக்ல படிக்கிறான். ஆனா அந்தப் பிள்ளையப் பத்தி அண்ணன்கிட்ட வாயத் தெறந்திராதீக ஆசாரி. டிசம்பர் கடைசியில ஒருநாள் யாரோடயும் பேச மாட்டாரு. அன்னைக்கு நாம்பளும் பேசக் கூடாது."

அப்படிப்பட்டவர் கைக்குத்தான் அந்த டிராயிங் வந்தது.

டிராயிங் முழுவதும் அலை. கறுப்பில் ஒரு பட்டை, வெள்ளையில் ஒரு பட்டை, மாறி மாறி நெளிந்து போகும். அமாரோவின் ஊரில் பெரிய சதுக்கம் ஒன்றில் இந்த அலை இருக்கிறதாம். கல் லாரிக்காகக் காத்திருந்த ஒரு காலையில் அதன் கதையை அவர் சொன்னார். எங்கள் சைட் இன்ஜினியர் பாஸ்கர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். திருச்சிக்காரர். குடும்பத்தோடு அபுதாபியில் இருப்பவர்.

அந்த ஊரில் இப்படிப் படம் போட்டுக் கல் பதிக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்கள் சிறைக் கைதிகள். கோட்டைக்குள் அடைபட்டிருந்தவர்களைக் கொண்டு, அங்கிருந்த தளபதி ஒருவர் கோட்டை முற்றத்தில் கோணல் கோணலாக ஒரு வடிவம் பதித்தார். ஊரே வந்து பார்த்தது. அது பிடித்துப்போய், பிறகு அந்தக் கைதிகளையே சதுக்கத்துக்குக் கொண்டுவந்து அலை பதிக்க வைத்தார்கள். வெளியூர் மாலுமிகள் அதில் நடந்தால் தலை சுற்றுகிறது என்பார்களாம்.

"கடலுக்கு ஏன் கடலு? அதான் பக்கத்துலயே இருக்கும்ல?" என்றான் வீரபாண்டி.

பாஸ்கர் கேட்டுச் சொன்னார். "அதுக்கு நூறு வருஷம் முன்னாடி அங்க பெரிய பூகம்பம். கடல் ஊருக்குள்ள வந்துருச்சாம். ஊரே போச்சு. மறுபடி கட்டின ஊர்லதான் இந்தச் சதுக்கம்."

அதுவரை பேசாமலிருந்த ஜெயசீலன் தலையை நிமிர்த்தினார். "சார், மொதல்ல தண்ணி வாங்குச்சான்னு கேளுங்க."

"வாங்குச்சான்னா?"

"பின்னால போச்சான்னு."

பாஸ்கர் கேட்டார். அமாரோ முகம் மாறி ஜெயசீலனைப் பார்த்தார். ஆமாம் என்றார். ஆற்றுமுகத்தில் தரை தெரியும் அளவுக்குத் தண்ணீர் பின்வாங்கியதாம். எப்போதோ மூழ்கிய கப்பல்களின் சாமான்கள் வெளியே தெரிந்தனவாம். சனங்கள் வேடிக்கை பார்க்க இறங்கிப் போனார்களாம்.

"போயிருப்பாங்க" என்றார் ஜெயசீலன். லாரி வந்துவிட்டது.

அமாரோவின் ஊர் அலைக்குத் திசை கிடையாது. இந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். எங்கள் டிராயிங்கை வரைந்தவர் அதில் ஒரு மாற்றம் செய்திருந்தார். ஒவ்வொரு அலையின் உச்சியும் மடங்கிய விரல் நுனி போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு நர்சரி வாசலைப் பார்த்து இருந்தது. குழந்தைகளை வரவேற்கக் கடல் வருகிறது என்பது அவருடைய எண்ணம்.

முதல் அச்சை நான் கொண்டுபோய் வாசல் முன்னால் வைத்தேன். ஜெயசீலன் பலகையையும் கண்ணாடிக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். ஓரத்தில் வெறும் வெள்ளை வரும் பகுதியைத் தனக்குத் தரும்படி ஃபோர்மேன் ஹசன் அலியிடம் கேட்டார். "அரே பாய், ஓரம் பதிக்க ஆயிரம் ஆள் இருக்கான். உச்சி பதிக்க நீ ஒருத்தன்தான். யல்லா, ஜல்தி" என்றான் அவன். ஜெயசீலன் உட்கார்ந்தார். ஒரு உச்சியைப் பதித்தார். பிறகு அதைத் தானே பெயர்த்து எடுத்தார். மறுபடி பதித்தார். மறுபடி எடுத்தார். கல் சரியாகத்தான் இருந்தது.

வீரபாண்டிக்குப் பொறுக்கவில்லை. போய் பாஸ்கரிடம் சுனாமியில் போன பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டான்.

பாஸ்கர் நல்ல மனிதர். அவருக்கே நாலு வயதில் பெண் இருந்தாள். பெயர் பிருந்தா. அந்த நர்சரியில் சேர்க்க இடம் வாங்கி வைத்திருந்தார். கன்சல்டன்ட் ஆபீஸுக்கு நடையாய் நடந்து, அலையின் சாய்வைக் கடல் பக்கமாகத் திருப்ப அனுமதி வாங்கினார். அதே கல், அதே அச்சு. பலகையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் போதும்.

"ஜெயசீலன், இனிமே அலை வாசலுக்கு வராது. வாசல்ல இருந்து வெளிய போகும். சரிதானே?" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

ஜெயசீலன் பலகையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். "எதுக்கு சார் உங்களுக்கு இந்தச் சிரமம்" என்றார்.

"இதுல என்ன சிரமம்? விடுங்க."

"சரி சார்."

அன்று முதல் பெயர்க்காமல் பதித்தார்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. பதிக்கிறவர் குட்டை முக்காலியில், இன்னும் கல் வராத கல்பொடிப் படுக்கையின் மேல் உட்காருவார். பதித்த தரை அவர் முகத்துக்கு முன்னால் இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் முக்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போவார். பின்னாலேயே வந்து வீரபாண்டி திமிசுக்கட்டையால் இடித்து மட்டமாக்குவான். கடல் பக்கத்திலிருந்து தொடங்கினால் கல் இறக்கச் சுலபம் என்று ஹசன் அலி சொன்னான். ஜெயசீலன் கேட்கவில்லை. வாசலில் தொடங்கி, வாசலைப் பார்த்தபடி, கடலை நோக்கிப் பின்னால் நகர்ந்தார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் முன்னால் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலை விட்டு இறங்கி அவரிடம் வந்தன.

மாலையில் அவர் மனைவி தாமரை வீடியோவில் கூப்பிடுவார். அவர் ஃபோனை முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொள்வார். "என்ன வேலைங்க நடக்குது?" என்று ஸ்பீக்கரில் கேட்கும். "தரை போடுறோம்." "காட்டுங்களேன் பாப்போம்." "என்னத்தக் காட்ட, கல்லுதான்." ஃபோன் ஒருநாளும் கீழே திரும்பியதில்லை.

ஜனவரியில் நர்சரி திறந்தது. பக்கவாட்டு வழியாகக் குழந்தைகள் போய் வந்தார்கள். எங்கள் பக்கத்துக் கண்ணாடிக் கதவு பூட்டியே இருந்தது. ஆனால் இடைவேளையில் எல்லாக் குழந்தைகளும் அந்தக் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்வார்கள். மூக்கும் உள்ளங்கைகளும் அதில் வெள்ளையாக அப்பியிருக்கும். உள்ளே அவர்கள் கத்துவது எங்களுக்குக் கேட்காது. வாய்கள் அசைவது மட்டும் தெரியும். தங்கள் காலடியிலிருந்து புறப்பட்டுப் போகும் அலைகளை விரலால் காட்டிக் காட்டிக் குதிப்பார்கள். வீரபாண்டி அவர்களுக்குக் கையாட்டுவான். ஜெயசீலன் அப்போது சுத்தியைக் கீழே வைத்துவிடுவார். அவர்கள் கலைந்து போகும் வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். முகம் வேர்த்திருக்கும். ஜனவரி மாதத்தில் அங்கே யாருக்கும் வேர்க்காது.

"அண்ணே, பூட்டியிருக்குல்ல" என்றேன் ஒருநாள், அவரைவிட எனக்கு மூப்பு இருந்தும்.

"பூட்டு திறக்கத்தானே ஆசாரியாரே இருக்கு" என்றார்.

திறந்துவிட்டார்கள். யாருக்கோ பிறந்தநாள். புதுத் தரையில் நிற்க வைத்துப் படம் எடுக்கலாமென்று ஒரு டீச்சர் கதவைத் திறந்ததும் குழந்தைகள் அவருடைய கைக்கடியில் புகுந்து வெளியே பாய்ந்தார்கள். படத்துக்கு நிற்கவில்லை. அலை எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமே, அலைக்கு அலை தாண்டி, சிரித்துக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினார்கள்.

பாதி வழியில் ஜெயசீலன் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்ததை நான் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன். ஒரு மனிதனின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வருமென்று எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, வலது கையில் சுத்தியோடு, அவர்களை நோக்கிப் போனார். குழந்தைகள் நின்றார்கள். அழுதார்கள். ஒரு பையன் அங்கேயே மூத்திரம் போய்விட்டான். டீச்சர் அவர்களை வாரிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகும் அவர் கைகளை மடக்கவில்லை. வீரபாண்டிதான் போய்ச் சுத்தியை வாங்கினான்.

மத்தியானத்துக்குள் புகார் வந்துவிட்டது. சைட் ஆபீஸ் கன்டெய்னருக்குள் ஜெயசீலனைக் கூப்பிட்டார்கள். கூட நானும் வீரபாண்டியும் போனோம். அமாரோ ஒரு மூலையில் இருந்தார். பாஸ்கர் கோபத்தில் நின்றார். அழுத குழந்தைகளில் பிருந்தாவும் ஒருத்தி.

"சுத்தியைத் தூக்கிட்டு குழந்தைங்க மேல பாயறதா? பேரன்ட்ஸ் போலீஸுக்குப் போனா நான் என்ன பண்ணுவேன்? என் பொண்ணு போன்ல அழறா. 'அந்த அங்கிள் தண்ணி வருது, தண்ணி வருதுன்னு கத்தினாரு டாடி, but there was no water'ன்னு சொல்றா."

அவர் என்ன கத்தினார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கிருந்த குழந்தைகளில் அது விளங்கியது தமிழ் தெரிந்த அந்த ஒருத்திக்குத்தான்.

"தப்புதான் சார்."

"நான் உங்களுக்காகத்தானே அலையத் திருப்பினேன்? வர்ற அலையைப் பார்த்தா உங்களுக்குத் தாங்காதுன்னுதானே?"

ஜெயசீலன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். சுண்ணாம்புக்கல் பொடி விரலிடுக்கில் வெள்ளையாக இருந்தது.

"வந்த தண்ணியில்ல சார்" என்றார். "போன தண்ணி."



"மொதல்ல கொஞ்சமாத்தான் ஏறுச்சு. வலையெல்லாம் நனைஞ்சுது. என்னடா இதுன்னு திட்டிக்கிட்டே வலையத் தூக்கிப் போட்டோம். அப்புறம் வாங்குச்சு பாருங்க. அப்படி ஒரு நாளும் வாங்குனதில்ல. நாங்க பொறந்ததுலேருந்து பாக்காத தரையெல்லாம் தெரிஞ்சுது. சேத்துல மீனு துள்ளுது. புள்ளைங்க எல்லாம் ஓடுச்சு. சந்தியாவும் ஓடுனா. தண்ணி போகப் போகப் பின்னாலயே ஓடுனா. நாங்க எல்லாம் கரையில நின்னு பாத்தோம். சிரிச்சுக்கிட்டு நின்னோம் சார். அவ்வளவு அழகா இருந்துச்சு."

அந்தப் பெயரை அவர் சொல்லி நாங்கள் கேட்டது அன்றுதான்.

அமாரோ பாஸ்கரைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.  பாஸ்கர் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு பாஸ்கர் உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது. "மறுபடி டிராயிங்கை மாத்தச் சொல்லி என்னால போய் நிக்க முடியாது. பாதி பதிச்சாச்சு. உங்கள ருவைஸ் சைட்டுக்கு அனுப்பிடறேன். அங்க வெறும் இன்டர்லாக்தான். மீதிய வீரபாண்டி பார்த்துக்கட்டும்."

"வேண்டாம் சார்."

"இவ்வளவு கஷ்டப்பட்டுக்கிட்டு எதுக்கு?"

"நா போயிட்டா இவன் கடல் பக்கத்துலேருந்து பதிப்பான். வாசலுக்கு முதுகக் காட்டி உக்காருவான். நடுவுல பாக்குற ஆளு இருக்காது."

பாஸ்கருக்குப் புரிய நேரமானது. "ஜெயசீலன், அங்க இடுப்பளவு கம்பி இருக்கு. கேமரா இருக்கு. செக்யூரிட்டி இருக்கான்."

"இருக்கு சார்."

"அந்தக் கடல்ல அலையே கிடையாது."

"எங்க ஊரு கம்மாயில இதவிட அலையடிக்கும்ணே" என்றான் வீரபாண்டி, அழாத குறையாக.

"தெரியும்டா. கடைசி வரைக்கும் நானே பதிச்சுட்டுப் போறேன் சார். அவ்வளவுதான் கேக்குறேன்."

பாஸ்கர் ஒப்புக்கொண்டார். கதவைத் திறக்கக் கூடாது என்று நர்சரிக்கு எழுதிக் கொடுத்தார். ஜெயசீலன் மறுநாள் அதே இடத்தில் முக்காலியைப் போட்டார். அதற்குப் பிறகு அவர் பதித்த பகுதிதான் அந்தத் தரையிலேயே சிறந்தது. அமாரோ முழங்காலிட்டு, இணைப்புகளை விரல் நகத்தால் வருடிப் பார்ப்பார். நகம் எங்கும் இறங்காது. உச்சி நுனியில் வரும் கூரான கல் எப்போதும் பலவீனமானது. அதையும் இவர் அசையாமல் உட்கார வைத்திருந்தார். தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார் அமாரோ. அன்று கன்டெய்னரில் சொன்னதை பாஸ்கர் பிறகு அவரிடம் சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

மார்ச்சில் கடைசி வரிசை கம்பித் தடுப்பைத் தொட்டது. முக்காலியைப் பின்னால் நகர்த்த இடமில்லை. அமாரோ ஊருக்குப் போனார். குழு கலைந்தது. வீரபாண்டி லீவில் போனான். ஜெயசீலனுக்கும் லீவ் வந்திருந்தது. அவர் எடுக்கவில்லை. ஒரு வருடத்துக்குக் கல் பெயர்ந்தால் சரிசெய்ய ஒரு ஆளை சைட்டில் விட வேண்டும். அந்த ஆளாகத் தன்னைப் போடச் சொல்லி அவர்தான் பாஸ்கரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். தாமரையிடம் ஃபோனில், "இன்னும் முடியல" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

நர்சரி வாசலும் திறந்தது. இப்போது குழந்தைகள் தினமும் அந்த வழியாகத்தான் வெளியே வருகிறார்கள், வரிசையாக, டீச்சர் முன்னாலும் பின்னாலும். வெளியே வந்ததும் வரிசை உடையும். அலை போகிற பக்கம் ஓடுவார்கள். ஓடிப் போய் ஜெயசீலனிடம் நிற்பார்கள். கம்பித் தடுப்பின் நடுவே, அதற்கு முதுகைக் கொடுத்து, முக்காலி போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு கல் பெயர்ந்திருக்கும். சுத்தியின் வாலால் குழியைச் சுரண்டிக்கொண்டிருப்பார். இப்போது அவரைக் கண்டு குழந்தைகள் பயப்படுவதில்லை.

பக்கத்துக் கட்டடத்தில் கதவு மாட்டும் வேலைக்காக நான் அங்கேயே இருந்ததால் இதைப் பலநாள் பார்த்தேன். பெயர்ந்த கல் எப்போதும் ஒன்றேதான். கடைசி அலையின் உச்சியில் வரும் வெள்ளைக் கல். காலையில் நான் அந்த வழியாக வரும்போது அது மட்டமாக, நகம் இறங்காமல் உட்கார்ந்திருக்கும். குழந்தைகள் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் அவர் வந்து அதைப் பெயர்த்து எடுப்பார். அவரைப் போன்ற ஒரு வேலைக்காரர் சரியாக இருக்கும் கல்லை எடுப்பதைப் பார்க்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அடிக்கடி எடுத்து வைத்ததில் அதன் ஓரங்கள் மழுங்கத் தொடங்கியிருந்தன. சுற்றியிருந்த கற்களும் மெல்ல இளகிக்கொண்டிருந்தன.

ஒருநாள் மற்றக் குழந்தைகள் திரும்பிய பிறகும் பிருந்தா அங்கேயே நின்றாள். டீச்சர் வாசலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இந்த ஸ்டோனை நேத்தும் எடுத்தீங்க."

"ஆடுதும்மா."

"நீங்க எடுத்து எடுத்துதான் ஆடுது."

ஜெயசீலன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. "ஆமாம்மா. அதனாலயும் இருக்கும்."

"எப்போ சரியாகும்?"

"நீ உள்ள போனதும் சரியாயிடும். ஓடு, டீச்சர் கூப்பிடுறாங்க பாரு."

அவள் அவருக்குப் பின்னாலிருந்த தண்ணீரை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி, அலைகளுக்கு எதிராக வாசலைப் பார்த்து ஓடினாள். கண்ணாடிக் கதவு சாத்தும் வரை அவர் அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.